கடைசல் பழகக் கட்டை எங்கே கிடைக்கும்: மதுரைப் பக்கத்துக்கான வழிகாட்டி

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் சிறிய லேத் ஒன்றை வாங்கி மாடியிலோ போர்ட்டிகோவிலோ பொருத்திவிட்டால், மறுநாளே எழும் கேள்வி கட்டைக்கு எங்கே போவது என்பதுதான். பலரும் நேராக மரக்கடைக்குப் போய்த் தேக்கு கேட்கிறார்கள். அந்தக் காசு முதல் வாரத்திலேயே சுருளும் தூளுமாகத் தரையில் கிடக்கும். உளி கைக்குப் படியும்வரை கட்டை வீணாவதைத் தடுக்க முடியாது. அதனால் முதல் இருபது முப்பது துண்டுகளை இலவசமாகவோ விறகு விலையிலோ சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. விறகுக்கடையில் அடுக்கியிருப்பதும், ஆசாரி ஒதுக்கித் தள்ளுவதும், கோடை மழைக் காற்றில் சாய்வதும் கடைசலுக்கு ஆகிற மரம்தான். எதை எடுப்பது, எடுத்த அன்றைக்கே அதை என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எந்த அளவில், எவ்வளவு

தொடக்கக்காரர்களுக்கு விற்கும் சின்ன லேத் பெரும்பாலும் 10 அங்குல விட்டம் வரை சுழற்றும். இரு முனைகளுக்கு நடுவே 18 அங்குல நீளம் வரை பிடிக்கும். உங்கள் லேத்தின் இந்த இரண்டு அளவையும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். இது மனதில் இல்லாமல் மரம் தேடிப் போனால், இருவர் சேர்ந்தும் தூக்க முடியாத அடிமரத்தைக் குட்டியானையில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டு விழிப்பீர்கள்.

முதல் மாதத்துக்கு 2 அங்குலச் சதுரத்தில், 10 அங்குல நீளத்தில் 20 கட்டை போதும். உளிப்பிடி, பம்பரம், மத்தின் தண்டு, சின்னப் பூரிக்கட்டை எல்லாம் இதில் அடங்கிவிடும். கிண்ணம் பிறகு. நீளவாக்கில் நார் ஓடும் கட்டையில் உளி எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது சீக்கிரம் பிடிபடும். கிண்ணத்துக்கு மரத்தைக் குறுக்காக மாட்டுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நாரின் வெட்டுமுகம் உளிக்கு எதிரே வரும். பழகாத கையிலிருந்து அது உளியைப் பிடுங்கிவிடும்.

ஆசாரியும் சாமில்லும்

நிலை, கதவு, ஜன்னல் வேலை நடக்கும் வீடுதான் முதல் இடம். 4க்கு 3, 5க்கு 3 அங்குலச் சட்டங்களின் நுனித் துண்டுகள் அங்கே தினமும் விழும். அரை அடியிலிருந்து ஒன்றரை அடி வரை இருக்கும், பெரும்பாலும் காய்ந்திருக்கும், பக்கங்கள் சமமாக அறுக்கப்பட்டிருக்கும். தொடக்கத்துக்கு இதைவிட வசதியான கட்டை கிடையாது. இவற்றில் பாதி சித்தாள்களின் அடுப்புக்குத்தான் போகிறது. "அண்ணே, அடுப்புக்குப் போற துண்டுல ஒரு சாக்கு எடுத்துக்கிறேன், கடைசல் பழகுறேன்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. முதலில் கடைந்த உருப்படியான உளிப்பிடியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை நல்ல துண்டை அவரே தனியாக எடுத்து வைப்பார். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் நிலை வைப்பதில்லை என்பதால் அந்த மாதங்களில் துண்டும் குறைவு. தை பிறந்ததும் வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். சாக்கோடு போக அதுதான் நேரம்.

சாமில்லில் இரண்டு காரியம் ஆகும். ஒன்று, அங்கே கழிந்த துண்டுகளை எடைக்கு வாங்கலாம். உருட்டு மரத்தை அறுக்கும்போது முதலில் விழும் பட்டையோடு கூடிய ஓரப் பலகையில், சில சமயம் இரண்டரை அங்குலத் தடிமன் வரை மரம் இருக்கும். மற்றொன்று, நீங்கள் கொண்டுபோகும் மரத்தை வேண்டிய அளவில் அறுத்து வாங்கலாம். காலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மத்தியானத்துக்கு மேல் போங்கள். வீட்டு வாசலிலோ காம்பவுண்டுக்குள்ளோ நின்ற மரம் என்றால் பல மில்களில் தயங்குவார்கள். கொடிக்கயிறு கட்ட அடித்த ஆணியும், கேட் கம்பியும், விளம்பரத் தகரத்தின் ஆணியும் மரம் வளர வளர உள்ளே போய்விடும். ஓர் ஆணி பட்டாலே பேண்ட் சா பிளேடின் பல் போய்விடும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். கொண்டுபோவதற்கு முன்பே வலுவான காந்தத்தால் பட்டை முழுக்கத் தடவிப் பாருங்கள். ஆணி ஆழத்தில் இருந்தால் காந்தம் பிடிக்காது. ஆனால் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை கீற்றாக ஓடினால், பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது என்று பொருள்.

மரக்கடையில் விலை கன அடிக் கணக்கில். அறுத்த மரத்துக்குக் கணக்கு: நீளம் அடியில், அகலமும் தடிமனும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 2க்கு 2 அங்குலச் சட்டம் 4 அடி என்றால் 16-ஐ 144-ஆல் வகுத்து 0.11 கன அடி. அதில் 10 அங்குலக் கட்டை நாலு வரும். இருபதுக்கு ஐந்து சட்டம், மொத்தம் 0.55 கன அடி. உருட்டு மரத்துக்குக் கணக்கு வேறு. சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 36 அங்குலச் சுற்றளவும் 4 அடி நீளமும் உள்ள உருட்டு 2.25 கன அடி. இந்தக் கணக்கு உண்மையான கன அளவில் நூற்றுக்கு 78 பங்கைத்தான் காட்டும். அறுக்கும்போது போகும் கழிவை முன்கூட்டியே தள்ளிவிட்ட கணக்கு. உருட்டாக வாங்கிக் கிண்ணம் கடைபவருக்கு இது லாபம். விறகுக்கடையில் எல்லாமே எடைக்குத்தான். பச்சை மரம் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்லும் மரப்பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். கோங்கு, மலேசியா சால் போன்ற பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இறக்குமதி மரங்கள் விற்கின்றன. "ஊர் மரமா, கப்பல்ல வந்ததா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதவுக்கு எது என்றாலும் சரிதான். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு மரம் இன்னதென்று தெரிந்தாக வேண்டும்.

சீமைக் கருவேலம்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்காகப் போன மரம். கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்ட சனியன் என்று விவசாயி திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசலுக்கு, இந்த வட்டாரத்தில் காசுக்குக் கிடைக்கும் மரங்களில் இதற்கு இணை குறைவு. இதை வெட்டினால் யாரும் வருத்தப்படப் போவதில்லை என்பது கூடுதல் ஆதாயம். விறகுக்கடை, செங்கல் சூளை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டம் என்று எங்கும் இதுதான் வருகிறது.

இதன் பெரிய குணம், காயும்போது அதிகம் சுருங்காதது. பெரும்பாலான மரங்கள் வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். இழுவை இப்படி ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதால்தான் மரம் வெடிக்கிறது, கோணுகிறது. சீமைக் கருவேலத்தில் இரண்டு சுருக்கமும் குறைவு, வித்தியாசமும் குறைவு. அதனால் அரைகுறையாகக் காய்ந்த கட்டையைக் கடைந்தாலும் வட்டம் பெரிதாகக் கெடாது. வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி, செம்பழுப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டு மாதங்கள் போகப் போகக் கருத்து அழகாகும்.

விறகுக்கடையில் எடுக்கும்போது 4 அங்குல விட்டத்துக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். அதில் வெளிப்புற வெள்ளையும் நடுப்புள்ளியும் போக ஒன்றும் மிஞ்சாது. 6 அங்குலத்துக்கு மேல் கிடைத்தால் விடாதீர்கள். இந்த மரம் நேராக வளர்வது அபூர்வம் என்பதால் 10, 12 அங்குல நேர்த்துண்டுகளாகப் பொறுக்க வேண்டியிருக்கும். கோடாலியால் பிளந்த துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பிளவு நாரோடு போகும், ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிளந்த கட்டையில் கடைந்த மெல்லிய தண்டு எளிதில் முறியாது.

குறையும் உண்டு. வெள்ளைப் பகுதியை வண்டு விரும்பித் தின்னும். துண்டைத் தட்டினால் வெள்ளை மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். பெரிய அடிமரங்களில் உள்ளே பொந்து இருப்பது சகஜம். மரம் கெட்டியானது, உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். முள் குத்தினால் வீங்கும், கையுறை போட்டுத் தூக்குங்கள். ஆனால் லேத்தில் நிற்கும்போது கையுறை கூடாது, சுழலும் கட்டை அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும்.

மற்ற ஊர் மரங்கள்

மா: நத்தம், அலங்காநல்லூர் பக்கத்துத் தோப்புகளில் காய்ப்பு நின்ற பழைய மரங்களை வெட்டும்போது ஏராளமாகக் கிடைக்கும். மென்மை, உளிக்கு இணக்கம். பழகுவதற்கு இதைத்தான் முதலில் சொல்லுவோம். வெட்டிய சில நாளில் பூஞ்சணம் பிடித்துச் சாம்பல் நிறமாகும். அது கோடு கோடாகக் கறுத்து நின்றால் சிலருக்கு அழகு, சொதசொதத்துவிட்டால் குப்பை. நகத்தால் அழுத்தினால் பதிகிறதா என்பதுதான் சோதனை. மாம்பால் பட்டால் தோலில் அரிப்பவர்கள் பச்சைக் கட்டையைக் கடையும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பூவரசு கிராமத்து வீட்டோரங்களில் நிற்கும் மரம். வைரம் சாக்லேட் நிறம். கடைந்தால் தோல் போல வழவழவென்று வரும். கிடைத்தால் கை பழகும்வரை எடுத்து வையுங்கள்.

தூங்குமூஞ்சி பழைய நெடுஞ்சாலை ஓரங்களிலும் அலுவலக வளாகங்களிலும் குடையாய் நிற்கிறது. விட்டம் பெரியது, சுருக்கம் குறைவு. ஹவாய்த் தீவுகளில் நினைவுப்பொருளாக விற்கும் மரக்கிண்ணங்கள் பல இந்த மரம்தான். கிண்ணம் கடையத் தொடங்கும்போது முதலில் தேட வேண்டியது இதை. நாட்டு வாகையும் நிறத்தில் இதற்கு உறவு. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி கட்டாயம்.

வேம்பு எங்கும் கிடைக்கும். தொடக்கக்காரரைச் சோதிப்பதும் அதுதான். நார் ஒரு அடுக்கில் வலப்பக்கமும் அடுத்த அடுக்கில் இடப்பக்கமும் சாய்ந்து ஓடுவதால், எந்தத் திசையில் கடைந்தாலும் ஒரு பட்டை பிய்ந்து வரும். உளியைப் புதிதாகத் தீட்டி, கடைசிச் சுற்றில் தாள் கனத்துக்கு மேல் எடுக்காமல் போனால் அடங்கும்.

புளியின் வெள்ளை அகலமானது. வைரம் வயதான மரத்தில் மட்டும், கருஞ்செம்மையாக, நடுவில் கொஞ்சம் இருக்கும். வெட்டிப் போட்டால் வெள்ளையை உளு வண்டு சீக்கிரம் பிடித்துவிடும். பலா மஞ்சளாக இருந்து பழுப்பாக மாறும். மிருதங்கமும் வீணையும் செய்யும் மரம் என்பதால் நல்ல கட்டை விறகுக்கு வருவது அரிது. மஞ்சணத்தி வரப்போரத்தில் கிடைக்கும் மஞ்சள் மரம், மெல்லிய தண்டு வேலைக்கு நன்று. கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை மூன்றும் வீட்டுக் கொல்லையில் கழிக்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை. நெருக்கமான நார், பம்பரத்துக்குக் கொய்யா அருமை.

தேக்குத் துண்டு ஓசியில் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதில் மணல்சத்து இருப்பதால் உளி நினைத்ததைவிட வேகமாக மழுங்கும். கையில்தான் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கும் அறுவைக்கு வருவதுண்டு. ஆரவாக்கில் அறுத்தால் ஜரிகை போன்ற புள்ளிகள் தெரியும். சிலருக்குத் தோலில் தடிப்பு வரும்.

வெப்பாலைதான் கடைசல்காரர்களின் பழைய மரம்: வெண்மை, மென்மை, அரக்கு நன்றாக ஏறும். கர்நாடகத்துச் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்து எட்டிகொப்பாகாவிலும் பொம்மைகளுக்கு அதுதான். இங்கே அது பெரும்பாலும் காட்டோர மரம். பட்டா நிலத்துக்காரர் தந்தால் ஒழிய வேண்டாம்.

தொடக்கத்தில் ஒதுக்க வேண்டியவை: தைலமரமும் சவுக்கும், காயும்போது முறுக்கி வெடிக்கும். போடிப் பக்கத்து இலவு, முருங்கை, கல்யாண முருங்கை, உளி பட்டால் பஞ்சாகப் பிய்யும். தென்னை, பனை, வெளிச்சுற்று மட்டுமே கெட்டி, நார் ஊசியாய்க் கையில் ஏறும். அரளியும் எட்டியும் விஷம், சமையல் சாமானுக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கருங்காலி மாலை மோகம் வந்தபின் கறுப்பாக இருக்கும் எந்தக் கட்டைக்கும் கருங்காலி என்று பெயர் வைத்து விலை சொல்கிறார்கள். சாயத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும்.

பேலட்டும் பழைய வீட்டு மரமும்

கப்பலூர் போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரம் வந்திறங்கும் பைன் பெட்டிகளையும், சரக்கை அடுக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளையும் கழித்து விற்பார்கள். மென்மையான மரம், பலகை மெலிது. இரண்டு மூன்றை ஒட்டினால்தான் 2 அங்குலம் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதன் அருகே எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெய், ரசாயனம் சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம்.

இடித்த வீட்டு உத்தரம், நிலை, தூண் துண்டுகள் இன்னொரு புதையல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கைப் பார்க்கலாம். அங்கே முழுத் தூணுக்கு விலை கேட்டு மலைக்காமல், உடைந்தது, மூலை போனது இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்காமல் இழைப்புளியால் சீவி எடுத்து, தூளை அள்ளிக் கட்டிப் போடுங்கள். தலை உடைந்த ஆணிகள் நிச்சயம் உள்ளே இருக்கும்.

யாருடைய மரம்?

காற்றில் சாய்ந்தது என்றாலும் சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். அப்புறப்படுத்தும் இடத்திலேயே பொறுப்பாளரிடம் கேட்டு எடுங்கள். கண்மாய்க்கரை, புறம்போக்கு மரங்கள் ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவரிடம் வாங்கலாம். அழகர்மலை, சிறுமலைக் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளிக்கும் ஆசைப்படக் கூடாது. சந்தனம், ஈட்டி, செம்மரம் மூன்றும் பில்லில்லாமல் யார் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். சந்தனம் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்ட முடியாது. தோட்டத்துத் தேக்கை வாங்கி வண்டியில் ஏற்றுவதானால் கொண்டுசெல்லும் அனுமதி பற்றி முதலிலேயே விற்பவரிடம் பேசிவிடுங்கள்.

பச்சை மரத்தை அறுப்பது

வெட்டிய மரம் முதலில் நுனிகளில் காயும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் காலையில் அறுத்த கட்டையில் சாயங்காலமே மயிரிழை வெடிப்பு தெரியும். ஆகவே நுனி அடைப்புப் பூச்சு வண்டியிலேயே இருக்கட்டும். மீந்த எமல்ஷன் பெயின்டைத் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக இரண்டு மூன்று பூச்சு, அல்லது ஃபெவிகால் இரண்டு பூச்சு. எல்லாவற்றிலும் சிறந்தது உருக்கிய மெழுகு. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். பூச வேண்டியது வெட்டுமுகத்தில் மட்டும், பக்கங்களில் வேண்டாம். ஈரம் போக வழி வேண்டும்.

கிண்ணத்துக்கு உருட்டை வெட்டும்போது, நீளம் விட்டத்தைவிட 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். இரு நுனியிலும் 2 அங்குலம் வெடிப்புக்குப் போகும். பிறகு உருட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளக்கும் கோடு நடுப்புள்ளி வழியாகப் போக வேண்டும். அதன் இருபுறமும் அரை அங்குலத்தைச் சீவித் தள்ள வேண்டும். 10 அங்குல உருட்டில் இப்படி இரண்டு அரைக்கட்டைகள், ஒவ்வொன்றும் நாலரை அங்குலத் தடிமனில் வரும். 8 அங்குலக் கிண்ணம் இரண்டு. நடுப்புள்ளியை உள்ளே வைத்துக் கடைந்த கிண்ணம் அங்கிருந்துதான் நட்சத்திரமாகப் பிளக்கும். கிளைக்கட்டையை முழுசாகவே கடைய ஆசை என்றால், பென்சில் கூடு போல நடுவை ஆழமாகத் துளைத்துவிடும் பொருளைச் செய்யுங்கள். மையம் போனபின் இழுவை குறையும்.

இன்றே அறுக்க நேரமில்லையா? உருட்டை முழு நீளத்தில் விட்டு, நுனிகளைப் பூசி, நிழலில் செங்கல் மேல் போட்டுவையுங்கள். சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நுனி, ஒவ்வொரு நுனியிலும் 2 அங்குலம் நஷ்டம்.

காய வைப்பது

பச்சையிலேயே கிண்ணத்தை முரட்டு வடிவில் கடைந்து, காய்ந்தபின் மறுபடி கடைந்து முடிப்பதுதான் சரியான முறை. சுவர்க் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 8 அங்குலக் கிண்ணத்துக்கு 20 மில்லிமீட்டர். அதைவிட மெலிதாக விட்டால் கோணியபின் வட்டமாக்க மரம் மிஞ்சாது. தடிப்பாக விட்டால் உள்ளுக்கும் வெளிக்கும் ஈரம் வேறாகி வெடிக்கும். அடியும் சுவரும் ஒரே கனத்தில் இருக்கட்டும். முரட்டுக் கிண்ணத்தைக் காகிதப் பையில் அதன் சுருளோடு சேர்த்துப் போட்டு வாயை மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மூன்று நாளில் பூஞ்சணம். மாமரத்துக்கும் வேம்புக்கும் சுருளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்க அவசரமில்லை, சமையலறைத் தராசு போதும். முரட்டுக் கிண்ணத்தின் அடியில் தேதியும் எடையும் மரப்பெயரும் பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்து அதன் கீழேயே எழுதுங்கள். முதலில் எடை வேகமாக இறங்கும், பிறகு தயங்கும். மூன்று வாரம் தொடர்ந்து எடை வித்தியாசம் 5 கிராமுக்குள் நின்றால் கடையலாம். ஒரு திருத்தம்: கார்த்திகை மழையில் நின்ற எடை, சித்திரையில் மறுபடி இறங்கும். மழைக்காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய டப்பா மூடி வெயில் காலத்தில் தளர்வதற்கு இதுதான் காரணம். மூடி, டப்பா வேலையைப் பங்குனிக்குத் தள்ளுங்கள்.

நீளக் கட்டைகளை வெயிலில் போடாமல், காற்றோடும் நிழலில், தரையிலிருந்து 6 அங்குலம் உயரத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர்க் குச்சி வைத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றின் நேர்மேலே ஒன்று வர வேண்டும். மாறினால் கட்டை வளையும். அடுக்கு சுவரில் ஒட்டக் கூடாது. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

உளுவுக்கு வெங்காரமும் போரிக் ஆசிட்டும் கைகண்ட மருந்து. 5 லிட்டர் வெந்நீரில் 150 கிராம் வெங்காரமும் 100 கிராம் போரிக் ஆசிட்டும் கரைத்து, பட்டை சீவிய பச்சைக் கட்டையில் தூரிகையால் நனையப் பூசி, ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதுதான் மருந்து உள்ளே இறங்கும்; காய்ந்த மரத்தில் தோலோடு நின்றுவிடும். பழைய கேரம் போர்டு பவுடர் பெரும்பாலும் இந்தப் போரிக் ஆசிட்தான் என்றாலும், வாயில் போகிற சாமானுக்கு இது கூடாது. கிண்ணம், அகப்பை, குழந்தை சொப்பு எல்லாவற்றுக்கும் வெள்ளையை முழுக்கச் சீவிவிட்டு வைரத்தில் மட்டும் கடையுங்கள்.

லேத்தில் ஏற்றும் முன்

கட்டையைத் தொங்கவிட்டு இன்னொரு கட்டையால் தட்டுங்கள். "டங்" என்றால் சரி. "பொத்" என்றால் உள்ளே வெடிப்போ உளுவோ இருக்கிறது. வெட்டுமுகத்தில் ஸ்பிரிட்டைத் துடைத்தால் மயிரிழை வெடிப்பு கடைசியாகக் காயும் கோடாகத் தெரியும். அந்த இடத்தை அறுத்துத் தள்ளி, நல்ல மரம் வரும்வரை அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டிக்கொண்டே போங்கள். 4 அங்குலம்தான் மிஞ்சினாலும் பம்பரத்துக்கு ஆகும். வெடிப்பில் பசை விட்டு ஏற்றுவது தொடக்கக்காரருக்கு வேண்டாத சூதாட்டம். சுழலும்போது பாதிக் கட்டை முகத்துக்கு நேராக வரும். முகக் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

மூலை வெட்டாத கட்டை ஒருபக்கம் கனத்து லேத்தை ஆட்டும். கிண்ணக் கட்டையை ரம்பத்தால் எட்டு மூலையாக்கி, நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் தொடங்கி, வட்டமானபின் கூட்டுங்கள். கருவேல வகைகளைப் பச்சையில் கடைந்த அன்று லேத்தின் இரும்புப் படுகையை உடனே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். அந்த மரச்சாற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் படுகையிலும் கட்டையிலும் மை கொட்டியது போல் கறுப்பு ஏறும். கட்டையில் ஏறியதை எலுமிச்சைச் சாறு ஓரளவு எடுக்கும்.